காபிக்காக ரெண்டு நாள்: சேலமா, ஏற்காடா?

பொங்கல் நெருங்கினாலே சென்னையிலிருந்து அண்ணியின் போன் வந்துவிடும். "இந்தத் தடவை ரெண்டே நாள்தான் லீவு. ஏற்காட்டுல ரூம் போடட்டுமா, இல்ல உங்க வீட்டுக்கே வந்துடட்டுமா?" அண்ணனும் அண்ணியும் காபிப் பிரியர்கள். அவர்களுக்கு ரெண்டு பிள்ளைகள், எனக்கு ஒரு மகள். கூடவே எழுபத்தோரு வயதில் முட்டி வலியோடு அம்மா. இந்தக் கூட்டத்தைக் கட்டிக்கொண்டு மலையிலும் தங்கிப் பார்த்தாகிவிட்டது, ஊரிலும் தங்கிப் பார்த்தாகிவிட்டது. அதனால் அண்ணியின் கேள்விக்கு இப்போது என்னிடம் ஒரு பதில் இருக்கிறது: இரவு தங்குவது சேலத்தில், மலைக்குப் போவது விடியற்காலையில்.

வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் இதை எதிர்மாறாகச் செய்கிறார்கள். ஏற்காடு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்த ரயிலிலேயே வந்து, இருட்டு பிரியும் முன்னே சேலம் ஜங்ஷனில் இறங்கி, நேராக மலை பஸ்ஸைப் பிடித்துவிடுகிறார்கள். அவர்களுக்கு சேலம் என்றால் ஒரு பஸ் ஸ்டாண்டு, அவ்வளவுதான். சும்மா ஊர் சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு அது சரி. காபியை மனதில் வைத்து வருபவர்கள் மட்டும் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

மலை தருவதை முதலில் சொல்கிறேன். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காபிச் செடி வேர் பிடித்து ரெண்டு நூற்றாண்டு ஆகிறது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன்தான் இதை இங்கே கொண்டுவந்தார். ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். அந்தக் குளிர்ச்சிக்கு அராபிகா ரகம் நன்றாக வருகிறது. தோட்டம் என்றவுடன் வரிசையாக வெட்டிவிட்ட தேயிலை மாதிரி நினைத்துவிடக் கூடாது. மேலே சில்வர் ஓக் மரங்கள் நிழல் போடும், அந்த மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும், அதற்கெல்லாம் கீழே இடுப்பளவு, தோளளவு உயரத்தில் காபிச் செடி. வெளியிலிருந்து பார்த்தால் காடு போலத்தான் தெரியும்.

போன ஜனவரியில் ஒரு சிறிய தோட்டத்துக்குப் போயிருந்தோம். பழம் பறிக்கும் காலம். அங்கே வேலை செய்த அக்கா ஒருவர் சிவந்த பழம் ஒன்றைப் பறித்து என் மகள் கையில் கொடுத்து, "கடிச்சுப் பாரு பாப்பா, இனிக்கும்" என்றார். தோல் வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளே வழவழவென்று ஒரு பசை, நாக்கில் லேசான தித்திப்பு. அதற்குள்ளே தட்டைப் பக்கம் ஒன்றையொன்று பார்த்தபடி ரெண்டு கொட்டை. அண்ணன் மகனுக்குக் கிடைத்த பழத்தில் ஒரே ஒரு உருண்டைக் கொட்டை. அதைத்தான் கடையில் பீபெரி என்று தனியாகப் பிரித்து விற்கிறார்கள். அவன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அன்று முழுக்க வெளியே எடுக்கவே இல்லை.

பழத்தோலை நீக்கி, அந்தப் பசை போக ஊறவைத்துக் கழுவி, களத்தில் காயப்போட்டிருந்தார்கள். மகள் ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்து பார்த்தாள். "அம்மா, இதுல காபி வாசமே வரலையே!" அவள் சொன்னது சரிதான். வறுக்கும் வரைக்கும் காபிக்கொட்டைக்கு அந்த வாசம் கிடையாது. காய்ந்த பயறு மாதிரி, பச்சை நெடி மாதிரிதான் இருக்கும். செடி, பழம், களம் எல்லாம் மேலேதான் இருக்கின்றன. ஆனால் நாம் காபி என்று சொல்கிற பொருள் அங்கே பாதிதான் ஆகியிருக்கிறது.

மலையில் குடிக்கிற காபியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பள்ளத்தாக்கைப் பார்த்த மாதிரி நாற்காலி போட்ட கடைகள் பெருகிவிட்டன. பனி மூட்டத்தில் கையில் சூடான கோப்பையோடு உட்கார்ந்திருப்பது பெரிய சுகம், அதை மறுக்கவே மாட்டேன். ஆனால் விடுமுறை நாளில் ஏழு பேராகப் போனால் இடம் கிடைப்பதே பாடு. ஒருமுறை எஸ்டேட் காபி என்று பலகை வைத்த ஒரு கடையில் நாற்பது நிமிடம் காத்திருந்தோம். வந்தது இன்ஸ்டன்ட் காபி. ஒரு வாய் குடித்ததும் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றும் சொல்லாமல் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டார். சுற்றிலும் காபிக் காடு இருக்கும்போது அப்படி நடந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. நல்ல கடைகளும் மேலே உண்டு. அங்கே பெரும்பாலும் மெஷின் காபிதான். அண்ணனுக்கு அது பிடிக்கும், அம்மாவுக்கு ஆகாது.

இப்போது கீழே வருவோம். கடைவீதிப் பக்கம் காபிக்கொட்டை வறுத்து அரைத்துத் தரும் கடை ஒன்றில் அம்மா வருஷக்கணக்காகப் பொடி வாங்குகிறார். மலையிலிருந்து இறங்கிய மறுநாள் பிள்ளைகளை அங்கேதான் கூட்டிப்போனேன். பத்து கடைக்கு முன்னாலேயே வாசம் வந்து மூக்கைப் பிடித்தது. உருளை சுற்றச் சுற்ற, பச்சைக் கொட்டை மஞ்சளாகி, பழுப்பாகி, பொரி பொரிவது போலப் படபடவென்று வெடித்தது. முந்தின நாள் வாசமே இல்லாத கொட்டைதான் இது என்பதை மகள் நம்பவே இல்லை. கடைக்காரத் தம்பி, "பில்டருக்குங்களா? சிக்கரி எவ்வளவு போடட்டுங்க?" என்று கேட்க, அம்மா யோசிக்காமல், "எம்பதுக்கு இருபது போடுங்க தம்பி" என்றார். அரைத்த சூடு ஆறாத பொட்டலத்தைப் பிள்ளைகள் மூவரும் மாற்றி மாற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்கள்.

பொடியை மேலே வாங்குவதா, கீழே வாங்குவதா என்றால் என் ஓட்டு கீழேதான். மலையில் ரோட்டோரம் தொங்கும் பாக்கெட் எப்போது வறுத்தது என்று பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும், சில சமயம் அதிலும் தெரியாது. சிக்கரி கலந்த பொடியில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி. கலப்பு அளவையும் பாக்கெட்டில் போட்டிருக்க வேண்டும். அந்த எழுத்தைத் தேடிப் படித்துவிட்டு வாங்குங்கள். அரைக்கும் கடையிலோ எவ்வளவு வேண்டும் என்று நாமே சொல்கிறோம், கண் முன்னால் கலக்கிறார்கள். ஒரேயொரு விலக்கு: தோட்டத்திலேயே கொட்டையாகக் கிடைத்தால் மேலே வாங்கி, கீழே வறுக்கக் கொடுங்கள். அதற்கு ஈடே இல்லை.

குடிக்க என்றால், காலையில் டவரா டம்ளரில் நுரை ததும்பத் தரும் பழைய ஓட்டல்கள் நகரத்தில் பல இருக்கின்றன. முதல் டிகாக்‌ஷன் இருக்கும்போதே, ஏழரை மணிக்குள் போய்விடுங்கள். பகலில் பிள்ளைகளுக்கு வேறு மாதிரி இடம் வேண்டும். ஃபேர்லேண்ட்ஸ், ஐந்து ரோடு பக்கம் புதிதாக வந்திருக்கும் கஃபேக்களில் அவர்களுக்கு சாக்லேட் பாலும் கோல்ட் காபியும் கிடைக்கும். பெரியவர்களுக்கு முதுகு சாயும் இருக்கையும், ரொம்ப முக்கியமாகச் சுத்தமான கழிப்பறையும் கிடைக்கும். ஒரு கப் விலையில் ஓட்டலில் குடும்பமே குடித்துவிடலாம், உண்மைதான். ஆனால் நான் கொடுக்கும் காசு ரெண்டு மணி நேரம் அம்மா காலை நீட்டி உட்கார்ந்து பேரப்பிள்ளைகளோடு பேசுவதற்கு. அவரை என் மகள் அம்மாயி என்பாள், அண்ணன் பிள்ளைகள் அப்பத்தா என்பார்கள். ரெண்டு பெயரும் ஒரே மேஜையில் கேட்பது வருஷத்துக்கு ஒருமுறைதான்.

சாயங்காலத்துக்கு மலையிடம் பதிலே இல்லை. சேலத்தில் தள்ளுவண்டியில் தட்டுவடை செட் சாப்பிடலாம். ரெண்டு தட்டுவடைக்கு நடுவில் பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி, துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம். உறைப்பு காதில் ஏறும் நேரத்தில் பக்கத்துப் பேக்கரியில் ஒரு காபி. அந்த ஜோடிப் பொருத்தத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

பாதையையும் கணக்கில் எடுக்க வேண்டும். சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் அடிவாரத்துக்கு மேலே இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் பலகை இருக்கும். பிள்ளைகள் கத்தி எண்ணிக்கொண்டே வருவார்கள். முதல் வருஷம் வயிறு முட்டப் பொங்கலும் பால் காபியும் கொடுத்து ஏற்றினோம். பதினாலாவது வளைவில் எண்ணிக்கை நின்றுபோய் வண்டியையும் நிறுத்தினோம். இப்போதெல்லாம் ரெண்டு இட்லி மட்டும், காபி மேலே போய்த்தான். ஆறு மணிக்குக் கிளம்பினால் கூட்டம் ஏறுவதற்கு முன் ஏரியும் பகோடா பாயிண்டும் பார்த்து, தோட்டத்துக்கும் போய்விட்டு, மூன்று மணிக்கெல்லாம் இறங்க ஆரம்பித்துவிடலாம். ஏற்காடு ரோட்டில் பழைய சினிமா ஸ்டூடியோவான மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயில் வளைவு வந்ததும் அம்மா வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்வார். அங்கே படம் பிடித்த காலத்துக் கதைகள் அவரிடம் நிறைய உண்டு.

இப்படி இறங்கிவிட்டால் ரெண்டு விஷயம் போகும். லேடீஸ் சீட்டிலிருந்து ராத்திரி தெரியும் சேலத்தின் விளக்கு வெளிச்சம் ஒன்று. ஜன்னலைத் திறந்ததும் அறைக்குள் நுழையும் விடியற்காலைப் பனி இன்னொன்று. கல்யாணமான புதிதில் ரெண்டு பேராகப் போகிறவர்களிடம் நான் சேலத்தில் தங்கச் சொல்லவே மாட்டேன். மே மாதமும் கணக்கு மாறும். கீழே வெயில் நாற்பது டிகிரியைத் தொடும், மேலே குளிர்ச்சி. ஆனால் கோடை விழாக் கூட்டத்தில் காபியாவது, தோட்டமாவது.

உண்மையில் என் பதிலை மாற்றக்கூடியது காபிப் பூ மட்டும்தான். மார்ச், ஏப்ரலில் முதல் கோடை மழை பெய்து எட்டு, பத்து நாளில் தோட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். மல்லிகை போல வாசம். மூன்று, நாலு நாளில் வாடிவிடும். அதைப் பார்க்க மலையிலேயே தங்கத்தான் வேண்டும். மழை எந்தத் தேதியில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால் அண்ணியிடம் இப்போதே ரூம் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "மழை பெஞ்ச அன்னைக்கே போன் பண்றேன் அண்ணி. டிக்கெட் எடுக்க ஒரு வாரம் இருக்கும்."