வாரண்டி நீட்டிப்பா, கடைக்காரர் திட்டமா, ரிச்சி தெருவா?

என் மடிக்கணினியில் திரையை உடலோடு இணைக்கும் இடப்பக்கக் கீல் பெயர்ந்தபோது நான் பதறவில்லை. ஓராண்டு வாரண்டிக்கு மேல் இன்னும் இரண்டு ஆண்டுகளுக்குத் தயாரிப்பு நிறுவனத்திடமே பணம் கட்டியிருந்தேன். சேவை மையத்துப் பையன் அதை விளக்கடியில் திருப்பிப் பார்த்தான். "பிசிகல் டேமேஜ் சார். இது வாரண்டியில் வராது" என்றான். பார்த்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

கீல் ஏன் உடைகிறது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். உள்ளே பிளாஸ்டிக்கில் சிறு பித்தளைக் குமிழ்களைப் பதித்து, அவற்றில்தான் கீலின் திருகாணிகளை முடுக்கியிருப்பார்கள். கீல் இறுக இறுக, மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் குமிழ்கள் இழுபடும். ஒருநாள் பிளாஸ்டிக்கோடு பிய்த்துக்கொண்டு வந்துவிடும். கீழே போட்டு உடைத்ததும் இப்படித் தேய்ந்து உடைந்ததும் கவுன்ட்டரில் ஒரே கணக்குதான்.

நிறுவனத்தின் நீட்டிப்பை இதற்காக ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். மதர்போர்டு என்ற முதன்மைப் பலகையோ திரையோ தானாகச் செத்தால் அதைவிட நல்ல வழி இல்லை. அசல் பாகம் கிடைக்கும், பைசா செலவிருக்காது. ஆனால் தாளில் எத்தனை ஆண்டு என்பதைவிட வேறு மூன்றைப் பார்க்க வேண்டும். ஆள் வீட்டுக்கு வருவாரா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா? விழுதல், தண்ணீர் கொட்டுதல் ஆகியவற்றுக்கான விபத்துப் பாதுகாப்பு சேர்ந்திருக்கிறதா? பெரும்பாலும் அதற்குத் தனிப்பணம். பேட்டரிக்கு எவ்வளவு காலம்? மற்றதற்கெல்லாம் மூன்று ஆண்டு கொடுத்துவிட்டுப் பேட்டரிக்கு ஓராண்டோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். பேட்டரி தளர ஆரம்பிப்பதோ அதற்குப் பிறகுதான்!

கடையில் பில் போடும் நேரத்தில் நம் தலையில் கட்டும் திட்டம் இருக்கிறதே, அதை நான் வாங்கவே மாட்டேன். கடையின் பெயரில் விற்றாலும், பழுது பார்ப்பது பெரும்பாலும் மூன்றாவது ஒரு நிறுவனம். கணினியை அங்கே அனுப்பி, ஒப்புதல் வாங்கி, பாகம் தேடி முடிப்பதற்குள் வாரங்கள் ஓடிவிடும். பாகம் கிடைக்காவிட்டால் தேய்மானம் கழித்து ஒரு தொகை தருவார்கள் என்ற வரி, நிபந்தனைத் தாளில் எறும்பு எழுத்தில் கிடக்கும்.

கடைசியில் நான் போனது சென்னை அண்ணா சாலையை ஒட்டிய, மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு. மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு மனிதர். பிய்ந்த குமிழ்களை மறுபடி உட்கார வைத்து, சுற்றிலும் எபாக்சிப் பசை ஊற்றி, இறுகிப்போன கீலைச் சற்றுத் தளர்த்தினார். நான் இரண்டு டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்தது. சேவை மையம் மதர்போர்டையே மாற்றச் சொல்லும் இடத்தில், இவர்களில் கைதேர்ந்தவர்கள் ஷார்ட் ஆன ஒரு சிறு கெபாசிட்டரைக் கண்டுபிடித்து எடுத்துவிடுவார்கள். குறை இல்லாமல் இல்லை. பாகம் பழைய கணினியிலிருந்து கழற்றியதாக இருக்கலாம், உத்தரவாதம் என்பது கையெழுத்து பில்லும் வாய்ச்சொல்லும்தான். வெளியாள் திறந்த கணினி என்று சேவை மையம் பிறகு கையை விரிக்கவும் கூடும். யாரிடம் கொடுத்தாலும் கோப்புகளை முதலில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

வாரண்டியில் வர வேண்டியதையே மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். மறுப்பை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். நான் வாங்காமல் வந்துவிட்டேன். அந்தப் பையன் சொன்ன ஒற்றை வரிக்கு என்னிடம் சான்று எதுவும் இல்லை.

அடுத்த கணினிக்கு, வீட்டுக்கே வந்து பார்க்கும் நிறுவன வாரண்டியை விபத்துப் பாதுகாப்போடு வாங்குவதாக முடிவு. இப்போதைய வாரண்டியில் இன்னும் ஏழு மாதம் பாக்கி. ரிச்சி தெருக்காரர் பணத்தை வாங்கிக்கொண்டு, "ஓரத்தைப் பிடித்துத் திறக்காதீர்கள் சார், நடுவில் பிடித்துத் திறங்கள்" என்றார். அதைச் சேவை மையத்தில் யாரும் சொல்லவில்லை.