சீனியர் நிலையா, முழு ஓய்வா? அமெரிக்க மாவட்ட நீதிபதியின் இரு வழிகள்

அமெரிக்கக் கூட்டாட்சி மாவட்ட நீதிபதிக்கு ஆயுள் பதவி. 65 வயதும் 15 ஆண்டுப் பணியும் நிறைந்தால் இரண்டு வழிகள் திறக்கும். வயது ஒன்று கூடக் கூட, பணிக்காலத்தில் ஒன்று குறையும். 70 வயதில் 10 ஆண்டு போதும்.

முழு ஓய்வு என்றால் கடைசியாக வாங்கிய சம்பளம் ஆயுள் முழுக்க வரும். ஆனால் அதற்குமேல் ஒரு டாலர்கூட ஏறாது. பதிலுக்கு வக்கீலாகவோ தனியார் மத்தியஸ்தராகவோ சம்பாதிக்கலாம்.

சீனியர் நிலையில் அவர் நீதிபதியாகவே நீடிப்பார். வக்கீல் தொழில் கூடாது. முழுநேர நீதிபதியின் மூன்று மாத வேலைக்குச் சமமாக ஆண்டுதோறும் செய்ததாகச் சான்று கிடைத்தால் சம்பள உயர்வும் உண்டு. வழக்குகளைக் குறைத்துக்கொள்ளலாம், குற்ற வழக்குகளையே வேண்டாம் என்றும் சொல்லலாம். நீதிமன்ற வேலையில் பிடிப்புள்ளவருக்கு இதுவே மேல். கான்சாஸின் வெஸ்லி பிரவுன் 1979இல் சீனியர் ஆனார். 2012இல் 104 வயதில் இறந்தபோதும் நீதிபதிதான்.

எதைத் தேர்ந்தாலும், சீனியராக நீடித்தாலும்கூட, அவருடைய முழுநேர இடம் காலியாகி, அதிபர் புதியவரை நியமிப்பார். தேதி குறிப்பதில் அரசியல் கணக்கு நுழைவது இதனால்தான்.

அவசரப்படுபவர் சறுக்குவது வயதில். 64 வயதில், 20 ஆண்டுப் பணியோடு ராஜினாமா செய்தால் இந்த ஓய்வூதியம் கிடையாது.