கொடைக்கானலில் விடுமுறைக்கு ரூம் போடுகிறவர்கள் கவனத்துக்கு

ஆகஸ்ட் 14, வியாழக்கிழமை சாயங்காலம். கொடைக்கானல் நாயுடுபுரத்தைத் தாண்டி ஒரு வெள்ளைக் கேட்டுக்கு முன்னால், தூறலில் பெட்டியும் பையுமாக நின்றுகொண்டிருந்தோம். எங்களுக்குப் பின்னாலேயே இன்னொரு கார் வந்து நின்றது. திண்டுக்கல் பேகம்பூரிலிருந்து ஒரு பாய் குடும்பம். அவர்களும் அதே வீட்டுக்கு, அதே இரண்டு இரவுக்கு முன்பணம் கட்டியிருந்தார்கள்.

உள்ளேயிருந்து வந்த வாட்ச்மேன் எங்கள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். "ரூம் போட்டு வந்தீங்களா? இது ஒரு முதலாளியோட சொந்த பங்களா சார். வாடகைக்கே விடுறதில்லை. இந்த மாசத்துல மட்டும் நீங்க அஞ்சாவது பார்ட்டி."

எப்படி மாட்டினேன் என்று சொல்கிறேன். நாங்கள் மதுரை. பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இருக்கிறார். மகளுக்குப் பிரசவம் நல்லபடியாக முடிந்தால் கொடைக்கானல் சலேத் மாதா கோயிலுக்கு வருகிறேன் என்று நேர்ந்திருந்தார். 1866இல் கட்டிய கோயில் அது; திருவிழா ஆகஸ்ட் 14, 15. 2025இல் 15 வெள்ளிக்கிழமை, சுதந்திர தினம். 16 சனி கிருஷ்ண ஜெயந்தி, 17 ஞாயிறு. அவருக்கு நேர்த்திக்கடன், எங்களுக்கு லீவு, சேர்ந்தே போய்விடலாம் என்று முடிவானது. சீடை டப்பாவைக்கூட வண்டியில் ஏற்றிவிட்டாள் என் மனைவி.

ஆனால் மாதா கோயிலுக்கு வருகிறவர்கள், சுதந்திர தினத்துக்கு மலையேறுகிறவர்கள், மூன்று நாள் லீவைப் பார்த்துக் கிளம்பியவர்கள் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் ரூம் தேடினால் எங்கே கிடைக்கும்? தெரிந்த லாட்ஜ்களில் எல்லாம் இல்லை என்றுவிட்டார்கள். அப்போதுதான் இன்ஸ்டாகிராமில் அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. மரத்தரை, கண்ணாடி ஜன்னல், வாசலில் ஹைட்ரேஞ்சா பூ. இரவுக்கு 5,500 ரூபாய். அந்த வாரத்துக்கு அது மலிவு என்பதே முதல் எச்சரிக்கை மணி. எனக்குத்தான் கேட்கவில்லை.

வாட்ஸப்பில் பேசியவன் கெட்டிக்காரன். என் டிபியில் கள்ளழகர் ஆற்றில் இறங்கும் படம் இருக்கும். "அழகர் புண்ணியத்துல கடைசி ரூம் உங்களுக்குன்னே இருந்திருக்குண்ணே, சமையலறை சுத்த சைவம்" என்றான். கோயில் எவ்வளவு தூரம் என்று கேட்க டீச்சரும் பேசினார். "மரியே வாழ்கம்மா, ஜன்னலைத் திறந்தா கோயில் தெரியும், நடந்தே போயிடலாம்" என்றானாம். கேட்டுக்கு முன்னால் நிற்கும்போது பாய் தன் போனை எடுத்து அவன் குரல் செய்தியை ஓடவிட்டார். அதே குரல், அதே குழைவு: "அஸ்ஸலாமு அலைக்கும் பாய், கோழி ஹலால் கடையிலதான் வாங்குவோம், இன்ஷா அல்லாஹ் சாயங்காலம் பார்ப்போம்."

அந்த நிலைமையிலும் டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தம்பி, இவன் எல்லா சாமியையும் கும்பிடுறவன்ப்பா."

பணம் போன கணக்கு இது. பத்து நாள் முன்பே 6,000 முன்பணம். இரண்டு நாள் கழித்து இ-பாஸ் எடுத்துத் தர 300. அதற்கென்று வண்டியின் ஆர்.சி., என் ஆதார் இரண்டையும் படம்பிடித்து வாங்கிக்கொண்டான். கிளம்பிய அன்று வத்தலக்குண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது போன்: "டெபாசிட் 3,000 போட்டுவிடுங்கண்ணே, ரூம் காலி பண்ணும்போது திருப்பிடுவோம். வேற பார்ட்டி வாசல்ல நிக்கிறாங்க." போட்டேன். அவன் சொன்ன பெயர் ஒன்று, ஜிபேயில் காட்டிய பெயர் வேறு. அண்ணன் கணக்கு என்றான். மொத்தம் 9,300.

இ-பாஸ் விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். அரசு பேருந்தில் போனால் தேவையில்லை. இதற்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது. அரசின் இணையதளத்தில் செல்போன் எண், வண்டி எண், தங்கும் நாள்கள் போன்ற விவரங்களைக் கொடுத்தால் போதும். வெள்ளி அருவி பக்கத்தில் செக்போஸ்ட்டில் எங்கள் பாஸை ஸ்கேன் செய்தவர், "இது வேற வண்டியோட பாஸ் சார்" என்றார். ஓரமாக நிறுத்தி நானே எடுத்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அங்கேயாவது விழித்திருக்க வேண்டாமா? போன் போட்டேன். "டைப்பிங் மிஸ்டேக்குண்ணே" என்றான். சரி என்று நானும் விட்டுவிட்டேன். தண்ணீர் பாட்டிலைக்கூட விடாமல் சோதிக்கிற செக்போஸ்ட் அது. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மலையில் தடை. நான்தான் என் வண்டியில் ஏறியிருந்த பொய்யைச் சோதிக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் போனை எடுக்கவே இல்லை.

கேட்டிலேயே நின்று 1930க்குப் போன் செய்யச் சொன்னவர் பாய்தான். சைபர் குற்றத்துக்கான உதவி எண். பணம் அனுப்பிய நேரம், பரிவர்த்தனை எண் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள், அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். அன்று மத்தியானம் போட்ட 3,000 மட்டும் அவன் கணக்கில் முடக்கப்பட்டிருப்பதாகச் செய்தி வந்தது. இன்னும் கைக்கு வரவில்லை. முன்னால் போட்ட 6,300 கைமாறிப் போயே போய்விட்டது. பாய்க்கு 8,000 நஷ்டம், அவர் ஒரு வாரம் முன்பே கட்டியிருந்தார்.

இப்போது நான் ரூம் போட்டால் படத்தை நம்ப மாட்டேன். வீடியோ காலில் வரச்சொல்லி, தெருவிலிருந்து கேட், கதவு எண், ரூம் என்று நடந்து காட்டச் சொல்வேன். எங்கள் ஆள் இதை எப்படிச் சமாளித்திருப்பான் என்று யோசித்துப் பார்க்கிறேன். அனுப்பிய படங்களை கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தபோது, மரத்தரை ரூம் வேறொரு மாநிலத்து ரிசார்ட்டுடையது என்று தெரிந்தது. கேட் மட்டும்தான் நிஜம். முன்பே பார்த்திருந்தால் ஒரு நிமிட வேலை.

அன்று இரவு வாட்ச்மேனே தெரிந்தவர் ஒருவரிடம் பேசி, இரண்டு குடும்பத்துக்கும் ஆளுக்கு ஒரு ரூம் பிடித்துக் கொடுத்தார். வாடகை அதிகம்தான், ஆனால் கண்ணால் பார்த்த ரூம். அவருக்குக் கொடுத்த பணத்தை வாங்கவில்லை. சீடையில் பாதி அவர் வீட்டுக்கும் பாய் பிள்ளைகளுக்கும் போனது. மறுநாள் டீச்சர் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றி நேர்த்திக்கடனை முடித்தார். "அவனுக்காகவும் வேண்டிக்கிட்டீங்களா?" என்று கேட்டேன். "பணம் திரும்பி வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

நேற்று பாய் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருக்கிறார். பக்கத்தின் பெயர் புதிது, படம் அதே வெள்ளைக் கேட். செப்டம்பர் 5 வெள்ளி மிலாது நபி, தொடர்ந்து சனி ஞாயிறு: "ஈத் மிலாது ஸ்பெஷல், இரண்டே ரூம் பாக்கி."