சிட்டுக்குருவிக் கூடு: வேப்பம்பலகையா, பிளைவுட்டா?

மதுரையில் வீட்டிலேயே சிட்டுக்குருவிக் கூடு செய்ய முனைவோர் பலரும் பலகையைத் தேர்ந்தெடுப்பதில்தான் தயங்குகிறார்கள்.

செலவு: மரக்கடையின் துண்டுப் பலகைகளே போதும் என்பதால் பெரிய வேறுபாடு இல்லை.

உழைப்பு: பிளைவுட் எளிதாக அறுபடும், வேம்பில் முதலில் துளையிடாமல் ஆணி அடித்தால் விளிம்பு பிளந்துவிடக்கூடும்.

ஆயுள்: நன்கு உலர்ந்த வேம்பின் வைரப்பகுதி (மரத்தின் கெட்டியான உள்பகுதி) கரையானை ஓரளவு தாங்கும், சாதாரண பிளைவுட்டோ ஐப்பசி மழையில் தொடர்ந்து நனைந்தால் பசை விட்டு அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும்.

வெப்பம்: சித்திரை வெயிலில் மெல்லிய பலகைக்குள் குஞ்சுகள் தவித்துப்போகும் என்பதால், 18 மி.மீ. தடிமனுள்ள வேம்பையே நான் விரும்புகிறேன். ஆயினும் எப்பலகையானாலும் கூரையடியில் காற்றுத் துளைகள் விட்டு, நிழலில் மாட்டுவது கட்டாயம்.

மழை படாத தாழ்வாரத்திற்குப் பிளைவுட் போதும். நிழல் விழும் திறந்த மாடிச் சுவருக்கு வேம்பே ஏற்றது. இரண்டிலும் வாசல் துளை 32 மி.மீ. விட்டம் இருக்கட்டும், உட்புறத்தில் வார்னிஷ் பூச வேண்டாம்.