படகில் நாலு வருடம்: என் 500 மி.மீ. ஜூமும் அதன் ஸ்டெபிலைசேஷனும்

லென்ஸ் சர்வீஸிலிருந்து வந்து மூன்று நாள் ஆகிறது. ஏழு வாரம் வைத்திருந்தார்கள். அதுவும் பொங்கல் கழிந்து, பழவேற்காடு ஏரி முழுக்கப் பூநாரை இறங்கிக் கிடக்கிற ஏழு வாரம். கோபம் இன்னும் ஆறவில்லை. அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன், ஆனால் நியாயமாக எழுதப் பார்க்கிறேன்.

எழுதக் காரணம் அக்கா மகன். போனில் கேட்டான்: "மாமா, நானும் அதே லென்ஸ் வாங்கலாம்னு இருக்கேன். படகுல போறப்ப ஸ்டெபிலைசேஷன் ஆன்ல இருக்கணுமா, ஆஃப்லயா?" ஸ்டெபிலைசேஷன் என்றால், கை ஆடினாலும் படம் கலங்காமல் லென்ஸே பார்த்துக்கொள்கிற வசதி. ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். முடியவில்லை.

கம்பெனி பெயர் வேண்டாம், சொன்னால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். 500 மி.மீ. வரை போகிற ஜூம், இரண்டு கிலோவுக்கு மேல் எடை. மற்றதெல்லாம் வாங்க நினைப்பவர்களுக்கே தெரியும். நாலு வருடமாக மாதம் இரண்டு முறையாவது பழவேற்காடு ஏரியின் ஆந்திரக் கரையில், தடா ஊர்ப் பக்கம் இருக்கும் பீமுனிவாரிபாளையம் போய், படகில் உட்கார்ந்து இதைத் தூக்கியிருக்கிறேன். உட்கார்ந்துதான். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து போன உயிர்களை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறுவதில்லை, ஏறினால் எழுந்து நிற்பதில்லை. நிற்காததால் காலை வைத்து ஆட்டத்தை வாங்கிக்கொள்ள வழியில்லை. இடுப்புக்கு மேலே இருக்கிற உடம்புதான் எல்லாம்.

ஸ்டெபிலைசேஷனுக்காக லென்ஸுக்குள் இருக்கும் கைரோ என்ற சென்சார், லென்ஸ் மேல்கீழாகவோ பக்கவாட்டிலோ திரும்புவதை அளக்கிறது. உள்ளே ஒரு கண்ணாடித் தொகுதி அதற்கு எதிர்ப்பக்கம் நகர்ந்து பிம்பத்தைப் பிடித்து நிறுத்துகிறது. இதெல்லாம் கை நடுக்கத்துக்காகச் செய்தது. பெட்டியில் "4 ஸ்டாப்" என்று போட்டிருந்தால், அதைக் கை நடுக்கம் போல ஆட்டுகிற மேசையில் வைத்து அளந்திருப்பார்கள். ஒரு ஸ்டாப் என்றால் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் இரண்டு மடங்கு; 1/500 நொடியில் எடுக்க வேண்டியதை 1/30 நொடியில் எடுக்கலாம் என்று அர்த்தம். அந்த மேசையில் ஏரி கிடையாது.

ஏரியில் ஆட்டம் வேறு மாதிரி. முகத்துவாரம் பக்கம் போனால் கடல் அலை உள்ளே வந்து படகை மெதுவாகத் தூக்கி இறக்கும். அந்தப் பெரிய, மெதுவான அசைவை லென்ஸ் நடுக்கமாக எடுத்துக்கொள்வதில்லை, நாம்தான் கேமராவைத் திருப்புகிறோம் என்று விட்டுவிடுகிறது. இல்லையென்றால் கண்ணாடித் தொகுதி ஓரம் வரை போய் முட்டி, சட்டென்று நடுவுக்குத் திரும்புகிறது. படகு ஒரு பக்கம் சாய்ந்தால் தொடுவானமும் சாயும். அதை லென்ஸால் திருத்தவே முடியாது. சென்சாரைச் சுழற்றுகிற கேமரா உடல்தான் அதைச் செய்யும். என்னுடையது செய்யாது.

நாலு வருடமாக என்னை வதைப்பது அந்த 'சட்டென்று திரும்புவது'தான். சாதாரண மோடில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் தொகுதி நடுவுக்கு வருகிறது. வ்யூஃபைண்டரில் பார்த்த இடத்தில் பறவை இருப்பதில்லை. போன வருடம் வலைக்கம்பில் ஒரு விராலடிப்பான் (மீன் பிடித்துத் தின்னும் பருந்து வகை), காலில் மடவை மீன். நல்ல வெளிச்சம், பக்கவாட்டில் எழும்பியது. பதினோரு ஷாட் விழுந்தது. கண்ணில் பதினொன்றிலும் பறவை நடுவில்தான் இருந்தது. வீட்டில் திறந்து பார்த்தால் ஏழில் இறக்கை நுனி வெட்டுப்பட்டிருக்கிறது. மீன் முழுசாகத் தெரிகிற படத்தில் அலகு இல்லை. அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

வேகமாக நகர்வதைப் பின்தொடர்வதற்கென்று இருக்கும் ஸ்போர்ட் மோடில் இந்தத் துள்ளல் வெகுவாகக் குறைகிறது. (நிக்கானில் சில லென்ஸ்களில் வண்டி, படகு போன்றவற்றுக்கென்றே ஆக்டிவ் மோடு உண்டு. கேனானின் மோடு 3 ஷாட் விழும் நேரத்தில் மட்டும் திருத்தும்.) ஆனால் என் லென்ஸில் அந்த ஸ்விட்ச் பக்கவாட்டில் இருக்கிறது. மடியில் வைத்து எடுத்தாலே தள்ளிப்போகிறது. கறுப்பு டேப் ஒட்டினேன். இத்தனை பணம் கொடுத்து வாங்கியதற்கு டேப் ஒட்ட வேண்டியிருக்கிறது.

அப்புறம் இன்ஜின். நிமிடத்துக்கு 1500 சுற்று என்றால் நொடிக்கு 25. பலகையில் கை வைத்தாலே தெரியும், எலும்பு வரை ஏறும். முழங்கையைப் படகு விளிம்பில் ஊன்றினால் அது அப்படியே லென்ஸுக்குப் போய்விடும், ஊன்றவே கூடாது. மோட்டார் சைக்கிளில் மாட்டிய ஐபோனின் கேமரா ஸ்டெபிலைசேஷன் அந்த அதிர்விலேயே கெட்டுப்போகலாம் என்று 2021-ல் ஆப்பிளே எச்சரித்தது. நான் நாலு வருடம் என்ன செய்தேன்? எடுக்காத நேரமெல்லாம் லென்ஸை இன்ஜினுக்குப் பக்கத்துப் பலகையில் கிடத்தினேன். டிசம்பர் கடைசியில் ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தினால் உள்ளே ஏதோ அரைக்கிற சத்தம், பிம்பம் ஒரு பக்கமாக வழுக்கிப் போய் அங்கேயே நின்றது. ஸ்டெபிலைசேஷன் யூனிட்டையே மாற்றினார்கள். அதிர்வுதான் காரணம் என்று சர்வீஸில் சொல்லவில்லை. எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

அந்த ஏழு வாரமும் நண்பரிடம் வாங்கிய பழைய 400 மி.மீ. லென்ஸை வைத்து ஓட்டினேன். அதில் ஸ்டெபிலைசேஷனே கிடையாது. ஷட்டர் 1/2000 வைத்தேன், ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்) ஏறினால் ஏறட்டும் என்று விட்டேன். பறக்கிற ஆலாக்கள் என் லென்ஸில் கிடைத்ததற்குக் கொஞ்சமும் குறையாமல் கூர்மையாக வந்தன. பறவையின் வேகத்தை நிறுத்துவது ஷட்டர்தான், ஸ்டெபிலைசேஷனுக்கு அதில் வேலையே இல்லை. ஒன்பது மணிக்கு மேல் கானல் எழுந்தால் இரண்டு லென்ஸுமே ஒன்றுதான், தூரத்துப் பூநாரைக் கூட்டம் உருகிப்போகும்.

ஆனாலும் ஏங்கினேன். பழைய லென்ஸில் வ்யூஃபைண்டர் ஓயாமல் ஆடுகிறது, ஃபோகஸ் புள்ளியைப் பறவையின் தலையில் வைக்கவே முடியவில்லை, அரை மணியில் தலை சுற்றுகிறது. என்னுடையதில் பட்டனைப் பாதி அழுத்தினால் ஏரியே ஒரு மூச்சு விட்டு அடங்கின மாதிரி இருக்கும். அந்த ஒரு நொடிக்காகவே இந்த லென்ஸைப் பிடிக்கும்.

இன்னொன்றும் உண்டு. கார்த்திகை மாதம் ஒரு நாள், இன்னும் சூரியன் வரவில்லை. கம்பில் ஒரு வக்கா (இராக்கொக்கு), கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு. படகோட்டி அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். "இன்ஜின் ஆஃப் பண்ணிடவா சார்?" என்றார். நிறுத்திவிட்டுக் கோலை ஊன்றித் தள்ளினார். ஏரி பல இடத்தில் இடுப்பளவுகூட இல்லை. மூக்குப்பக்கம் சேற்றில் மெத்தென்று ஏறிப் படகு நின்றது. 1/60-ல் எடுத்தேன். அந்தச் சிவப்புக் கண்ணில் கிழக்கு வெளுப்பு ஒரு கோடாகத் தெரிகிறது. ஸ்டெபிலைசேஷன் இல்லாமல் அந்தப் படம் இல்லை. அவர் இன்ஜினை நிறுத்தாமலும் இல்லை.

மருமகனுக்கு நேற்று பதில் சொன்னேன். ஆன்லயே வை, ஸ்போர்ட் மோடில் வை, 1/1600-க்குக் கீழே இறங்காதே, இன்ஜின் ஓடும்போது மடியை விட்டுக் கீழே வைக்காதே. "அப்ப வாங்கட்டுமா மாமா?" என்றான். வேண்டாம் என்றேன். அந்தப் பணத்துக்குப் பழைய 400 ஒன்றைத் தேடிப் பிடி, மிச்சத்தைக் கோல் ஊன்றத் தெரிந்த ஆளுக்குக் கொடுத்து விடிகாலையில் போ என்றேன். பூநாரை மட்டும்தான் வேண்டுமென்றால் சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகிற ரோட்டில் நின்று எடு, தரை ஆடாது.

எனக்கு இந்த சனிக்கிழமை படகு சொல்லியாகிவிட்டது. டேப் புதுசாக ஒட்டிவிட்டேன்.