நிக்கோடின் கம் 2 மி.கி.: 12 வாரம் மென்று முடித்த அனுபவம்

சிகரெட்டை விட்டுவிடலாம் என்று ஒரு தடவையாவது நினைத்த காலேஜ் பசங்களுக்காக இதை எழுதுகிறேன். சேலம் கோரிமேட்டில் ரூம் எடுத்துத் தங்கிப் படிக்கிறேன், கடைசி வருஷம். இரண்டாம் வருஷத்தில் ஆறு பைக்கில் ஏற்காடு போனோம், பாதி மலை ஏறியதும் ஒரு வளைவில் நிறுத்தி எல்லோரும் பற்ற வைத்தார்கள், விடிகாலைக் குளிர், என் கையிலும் ஒன்று வந்தது. அதுதான் ஆரம்பம். ஒரே வருஷத்தில் நாளைக்கு ஒன்பது, பத்து என்று ஆகிவிட்டது. இப்போது சிகரெட்டும் இல்லை, அதை விடுவதற்காக மென்ற நிக்கோடின் கம்மும் இல்லை, ஐந்து வாரம் ஆகிறது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நல்ல பொருள், வாங்கலாம். ஆனால் எப்படி மெல்வது என்று தெரியாமல் வாங்கினால் காசு வீண், முதல் தடவை எனக்கு அதுதான் நடந்தது.

அந்த முதல் தடவை, காலேஜ் பக்கத்தில் ஒரு மெடிக்கலில் கேட்டேன். ஸ்ட்ரிப்பைக் கொடுத்தார், சில்லறை கொடுத்தார், அவ்வளவுதான். நானும் சாதாரண சூயிங்கம் மாதிரி வேகமாக மென்று எச்சிலை விழுங்கினேன். தொண்டை எரிந்தது, கிளாஸ் நடுவில் விக்கல் நிற்கவே இல்லை, வயிற்றைப் புரட்டியது. மூன்று கம்மோடு நிறுத்திவிட்டு சாயங்காலம் டீக்கடைக்குப் போய் ஒன்று பற்ற வைத்தேன். இது வேலைக்கு ஆகாது என்று நான்கு பேரிடம் வேறு சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது, அதில் ஒருத்தன் வாங்கலாம் என்று இருந்தவன்.

ஆறு மாதம் கழித்து அஸ்தம்பட்டிப் பக்கம் வேறொரு மெடிக்கலில் திரும்பவும் கேட்டபோது அங்கே இருந்த அக்கா, “தம்பி, இது மிட்டாய் இல்லைங்க, மெல்றதுக்கு ஒரு முறை இருக்கு” என்று நிறுத்தி வைத்துச் சொல்லிக்கொடுத்தார். மெதுவாகப் பத்துப் பதினைந்து தடவை மெல்லணும். மிளகைக் கடித்த மாதிரி ஒரு காரம் வரும், நாக்கு லேசாகக் குறுகுறுக்கும். உடனே மெல்வதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்கணும். குறுகுறுப்பு அடங்கியதும் மறுபடி நாலு மெல்லு, அடுத்த கன்னத்தில் ஒதுக்கு. ஒரு கம் அரை மணி நேரம் ஓடும். நிக்கோடின் வாயின் உட்தோல் வழியாகத்தான் ரத்தத்தில் சேர வேண்டும், விழுங்கினால் வயிற்றுக்குப் போய் விக்கலும் எரிச்சலும்தான். இந்த இரண்டு நிமிஷப் பேச்சு முதல் கடையிலேயே கிடைத்திருந்தால் எனக்கு ஆறு மாதம் மிச்சமாகியிருக்கும்.

இன்னொன்றும் அவர்தான் சொன்னார், புளிப்பு, டீ, காபி, கூல்டிரிங்ஸ் முடிந்து கால் மணி நேரமாவது ஆகணும், கம் வாயில் இருக்கும்போதும் எதுவும் கூடாது. வாயில் அமிலம் இருந்தால் நிக்கோடின் சரியாக ஏறாது. சேலத்தில் இருக்கிறவனுக்கு இது சுலபம் இல்லை. சாயங்காலம் தட்டுவடை செட் சாப்பிடாமல் வீட்டுக்குப் போகிறவன் யார்? சட்னி, மாங்காய், மேலே எலுமிச்சை, அதன் பின்னாலேயே ஒரு டீ, அந்த டீக்கு ஒரு சிகரெட், இதுதான் என் வழக்கம். முதல் வாரம் செட் சாப்பிட்ட கையோடு கம்மைப் போட்டுவிட்டு ஆசை ஏன் அடங்கவில்லை என்று தவித்தேன். அப்புறம் செட்டுக்கு அரை மணி முன்னாடியே கம் போட ஆரம்பித்தேன், சாப்பிட்டதும் வாயைக் கொப்பளித்துவிட்டு நேராக நடையைக் கட்டினேன், டீக்கடை பெஞ்சில் உட்காரவில்லை. அந்த பெஞ்சை விட்டதுதான் எனக்குக் கஷ்டம், சிகரெட்டை விட்டதைவிடக் கஷ்டம்.

அளவு பற்றிச் சொல்கிறேன். காலையில் எழுந்து அரை மணிக்குள் முதல் சிகரெட் தேவைப்படுகிறவர்களுக்கு 4 மி.கி., மற்றவர்களுக்கு 2 மி.கி. என்பது பொதுக் கணக்கு. 2 மி.கி. எனக்குச் சீட்டு இல்லாமலே கிடைத்தது, 4 மி.கி.க்கு டாக்டர் சீட்டு வேண்டும். முதல் 6 வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, அடுத்த 3 வாரம் 2 முதல் 4 மணிக்கு ஒன்று, கடைசி 3 வாரம் 4 முதல் 8 மணிக்கு ஒன்று. ஆசை முற்றிய பிறகு போட்டால் லேட், ஏனென்றால் சிகரெட் நிக்கோடின் சில நொடியில் மூளைக்குப் போகும், இது ஏறுவதற்கே 20, 30 நிமிஷம் ஆகும். நேரம் பார்த்துப் போடுங்கள். இதய நோய் இருப்பவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. புகை பிடிக்காதவன் சும்மா ருசி பார்க்கவும் கூடாது, உள்ளே இருப்பது அதே நிக்கோடின்தான். தாரும் கார்பன் மோனாக்சைடும் இதில் கிடையாது, அதுதான் வித்தியாசம்.

குறைகளும் உண்டு. முதல் இரண்டு வாரம் தாடை வலித்தது. புதினா வாசனை போட்டிருக்கிறார்கள், ஐந்து நிமிஷத்தில் போய்விடும், அப்புறம் ரப்பர்தான். உள்ளே வைத்திருக்கும் தாள் பொடி எழுத்தில் இங்கிலீஷில் இருக்கிறது, சேலத்துக் கடையில் விற்கிற பொருளுக்குத் தமிழில் நான்கு படம் போட்டால் என்ன? விலை, என் சிகரெட் செலவைவிடக் கூடவில்லை, பின் வாரங்களில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது.

ஐந்தாவது வாரம் மறுபடி ஏற்காடு. 20 கொண்டை ஊசி வளைவில் எந்த வளைவில் நிறுத்துவார்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் அடிவாரத்திலேயே ஒரு கம் போட்டு, ஹெல்மெட்டுக்குள் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு ஏறினேன். அதே இடத்தில் பைக்குகள் நின்றன, அதே லைட்டர். “வேணாம்டா, விட்டுட்டேன்” என்றேன். ஒருத்தன் சிரித்தான், இன்னொருத்தன், “நெஜமாவாடா, எப்படி விட்ட?” என்று தள்ளிக் கூட்டிப்போய்க் கேட்டான். மேலே போய் ஏரிக்கரையில் காபி குடித்தபோதுதான் ரொம்பக் கை நடுங்கியது. சிகரெட் ஆசையின் அந்த மாதிரி வேகம் சில நிமிஷம்தான் இருக்கும், தண்ணீர் குடித்துக்கொண்டு நடந்தால் கடந்துவிடும்.

வரலாறு ஒரு வரி, எனக்குப் பிடித்ததால். இந்தக் கம் பிறந்த இடம் ஸ்வீடன், 1967இல் அங்கே நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்க வழியில்லாத மாலுமிகளைப் பார்த்து வந்த யோசனை. 2009இல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. மருந்தே இல்லாமல் முயல்வதைவிட இந்த மாதிரி நிக்கோடின் மருந்தோடு முயன்றால் விடுவதற்கான வாய்ப்பு சுமார் ஒன்றரை மடங்கு என்று ஆய்வுகள் சொல்கின்றன. கம் மட்டும் போதாது, பேசவும் ஆள் வேண்டும். சிகரெட் பாக்கெட்டிலேயே 1800-11-2356 என்று ஒரு நம்பர் இருக்கிறது, விட நினைப்பவர்களுக்கான இலவச எண், தமிழிலும் பேசுவார்கள். அத்தனை பாக்கெட் வாங்கியும் நான் அதைப் படித்ததே இல்லை.

எங்கள் காலேஜில் வருஷா வருஷம் ஊர்வலம், உறுதிமொழி, கருகிய நுரையீரல் படம் எல்லாம் உண்டு. உறுதிமொழி எடுத்துவிட்டு நேராக எதிர்க் கடைக்குப் போனவன் நான். கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003லேயே சட்டம் இருக்கிறது, அந்தக் கடை கேட்டிலிருந்து நாற்பது அடி. புகைக்காதே என்று நூறு தடவை சொன்னார்கள், விட நினைக்கிறவன் யார், அவனுக்கு என்ன வேண்டும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அந்த மெடிக்கல் அக்காவை ஒரு மணி நேரம் மேடை ஏற்றினால் போதும், ஒரு ஸ்ட்ரிப்பைப் பிரித்து மென்று காட்டட்டும்.

மலையில் தள்ளிக் கூட்டிப்போய்க் கேட்டவன் போன திங்கட்கிழமை ஆரம்பித்துவிட்டான். நேற்று ராத்திரி போன், “டேய், விக்கல் நிக்கவே மாட்டேங்குது.” வேகமாக மெல்கிறான். காரம் வந்ததும் நிறுத்து, கன்னத்தில் ஒதுக்கு என்று சொல்லியிருக்கிறேன், நாளைக்கு ரூமுக்கு வருகிறான், எதிரில் உட்கார வைத்து மெல்லச் சொல்லிப் பார்க்கணும்.