பேனலில் பச்சை விளக்கு எரிந்தால் நம்பிவிடாதீர்கள்

எங்கள் ஊர் அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் ஒரு பெற்றோர் உறுப்பினர். மாடிக் கட்டடத்தில் இருந்த பழைய தீ அலாரம் வேளை கெட்ட வேளையில் அலறுகிறதென்று யாரோ எப்போதோ ஒயரைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். சரிசெய்ய வந்தவர், புகையை உணரும் பன்னிரண்டு ஸ்மோக் டிடெக்டர்களையும் புதிதாக மாற்றியதாக 38,000 ரூபாய்க்குப் பில் தந்தார். அலாரத்தை இயக்கும் பெட்டியான பேனலில் ஒரு பட்டனை அழுத்தினார், மணி அலறியது, பிள்ளைகள் கைதட்டினார்கள். நாங்களும் கையெழுத்துப் போட்டுவிட்டோம். அந்தப் பட்டன் மணியை மட்டும்தான் சோதிக்கும் என்பது அப்போது தெரியாது.

இரண்டு வாரம் கழித்து, காற்று திசை மாறி, சத்துணவுக்கூடத்துப் புகை மாடி வகுப்பை நிறைத்தது. பிள்ளைகள் இருமிக்கொண்டே இறங்கி வந்தார்கள். அலாரம் மூச்சுவிடவில்லை. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகளைக் கொண்டுபோன தீயும் சமையலறையில் தொடங்கியதுதான். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

மறுநாள் எலக்ட்ரீஷியனான என் தம்பி ஏணி போட்டு ஒரு டிடெக்டரைத் திருகிக் கழற்றினான். முன்பக்கம் சோப்புப் போட்டுக் கழுவிய வெள்ளை. பின்பக்க லேபிளில் 2008. கழற்றிய உடனே பேனல் பழுது காட்டியிருக்க வேண்டும். அது பாட்டுக்குப் பச்சையாகவே எரிந்தது. பேனலைத் திறந்தால், மாடிக்குப் போகும் ஒயர்களை வெட்டி டேப் சுற்றி உள்ளே மடக்கி வைத்திருக்கிறார் சரிசெய்ய வந்தவர். அவற்றின் இடத்தில் அரிசி அளவில் ஒரு ரெசிஸ்டர். கடைசி டிடெக்டருக்கு அப்பால், லைனின் முடிவில் இருக்க வேண்டியது அது. அதன் வழியே மின்சாரம் ஓடித் திரும்பினால் லைன் முழுதாக இருக்கிறது என்று பேனல் எடுத்துக்கொள்ளும். இவர் அதைப் பேனலின் வாயிலேயே மாட்டிவிட்டார். மெயினை அணைத்தோம், பேனலும் கூடவே அணைந்தது. மெயின் போனாலும் பேனலை ஓட்ட வேண்டிய பேட்டரி இரண்டில் ஒன்று உப்பிக் கிடந்தது.

"பேனல் பச்சை காட்டுகிறதே அக்கா, பிறகென்ன?" என்றார் போனில். அதன்பிறகு எடுக்கவேயில்லை.

உங்கள் பள்ளியில் வேலை நடந்தால், பணம் தருமுன் ஏதாவதொரு டிடெக்டரை நீங்களே காட்டிக் கழற்றச் சொல்லுங்கள். பின்பக்க வருடத்தைப் படியுங்கள். ஒவ்வொன்றின் கீழும் புகை காட்டி மணி அடிக்கிறதா என்று நின்று பாருங்கள், மெயினை அணைத்தும் ஒருமுறை. கழற்றிய பழையவற்றை எண்ணி வாங்கி வையுங்கள். நாங்கள் அவை எங்கே என்று கேட்கக்கூட இல்லை.

புகார் கொடுத்திருக்கிறோம். அலாரம் சரியாகும்வரை மாடி வராந்தாவில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்.